பைத்தான் நிரல் தொடங்கவே நேரமாகிறதா? இம்போர்ட் தாமதத்தைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

கட்டளையின் உதவிப் பக்கத்தை மட்டும்தான் கேட்டிருப்பீர்கள். அதைக் காட்டவே இரண்டு நொடி ஆகிறது. கணக்கு எதுவும் போடவில்லை, தரவுத்தளத்தைத் தொடவும் இல்லை. நிரல் இம்போர்ட் செய்யும், அதாவது தனக்குள் கொண்டுவரும், கோப்புகளைத் தேடி, படித்து, ஓட்டி முடிப்பதற்குள்ளேயே அந்த நேரம் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு ஐம்பது முறை ஓடும் கருவி என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

பெங்களூரில் நான் வேலை செய்யும் இடத்தில் புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர்கள் உண்டு, சேலம், திருநெல்வேலி பக்கம் படிப்பை முடித்த கையோடு வருகிறவர்களும் உண்டு. இந்த வேலையைக் கொடுத்தால் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அளந்து பார்க்காமலே எல்லா இம்போர்ட் வரிகளையும் ஃபங்ஷனுக்குள் தள்ளிவிடுகிறார்கள். வேகம் கூடியதுபோலத் தெரியும், ஆனால் உண்மையான காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த வேலையில் படிகளின் வரிசைதான் பாதி வெற்றி.

இந்த வழிகாட்டி லினக்ஸில் ஓடும் பைத்தானுக்கானது. கட்டளைகள், கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

பைத்தான் 3.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். இம்போர்ட் நேரத்தைப் பட்டியலிடும் வசதி 3.7இல்தான் வந்தது. 3.11க்கு மாற முடியுமானால் மாறிவிடுங்கள். தொடக்கத்தில் தேவைப்படும் மாட்யூல்களை, அதாவது இம்போர்ட் செய்யும் நிரல் கோப்புகளை, அந்தப் பதிப்பு நிரலை ஓட்டும் இன்டர்ப்ரெட்டருக்குள்ளேயே உறையவைத்திருக்கிறது. அதனால் இன்டர்ப்ரெட்டரின் தொடக்கம் 10 முதல் 15 சதவீதம் வேகமாகிறது என்று பைத்தானின் வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது.

அடுத்தது, நிரல் உண்மையில் ஓடும் சூழல். நிரலையும் அதன் சூழலையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் டாக்கர் இமேஜில் ஓடுகிறது என்றால் அந்த இமேஜுக்குள்ளேயே அளக்க வேண்டும். மடிக்கணினியில் தொகுத்த கோப்புகள், அதாவது பைத்தான் பைட்கோடாக மாற்றிச் சேமித்தவை, ஏற்கெனவே கிடக்கும், இமேஜில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். மடிக்கணினியில் அளந்துவிட்டு இமேஜைத் திருத்தப் போனால் நாள் முழுக்க உழைத்தும் பலன் கிடைக்காது.

மூன்றாவதாக ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் நிரல் ஓடி முடிந்துவிடும் கருவியா, நாள் கணக்கில் ஓடும் சர்வரா? கீழே உள்ள 8ஆம் படி கருவிக்கு மருந்து, சர்வருக்குப் பல நேரங்களில் கெடுதல்.

2. ஓர் இம்போர்ட் வரிக்குப் பின்னால் நடப்பது

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். செலவு எங்கே ஏற்படுகிறது என்று தெரியாமல் அதைக் குறைக்க முடியாது.

பைத்தான் முதலில் சிஸ் மாட்யூல்ஸ் என்ற அகராதியைப் பார்க்கிறது. அந்த மாட்யூல் முன்பே ஏற்றப்பட்டிருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் ஒரே மாட்யூலைப் பத்து கோப்புகள் இம்போர்ட் செய்தாலும் செலவு ஒருமுறைதான்.

அங்கே இல்லையென்றால் தேடல் தொடங்குகிறது. சிஸ் பாத் பட்டியலில் உள்ள கோப்புறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். கோப்பு கிடைத்ததும் அதன் தொகுத்த வடிவம் பைகேஷ் கோப்புறையில் இருக்கிறதா, அது இன்னும் செல்லுமா என்று சரிபார்க்கும். செல்லும் என்றால் அதை அப்படியே நினைவகத்துக்கு எடுத்துக்கொள்ளும். செல்லாது என்றால் மூலக் கோப்பைப் படித்துப் புதிதாகத் தொகுக்கும். கடைசியாக அந்த மாட்யூலின் வரிகளை மேலிருந்து கீழ்வரை ஓட்டும்.

ஆக, தேடல், தொகுத்தல், ஓட்டம் என்று மூன்று செலவுகள். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. தொகுத்தல் வீணாகிக்கொண்டிருக்கும்போது இம்போர்ட் வரிகளை இடம் மாற்றுவதால் நோய் தீராது.

3. முதலில் மொத்த நேரத்தை அளங்கள்

மூன்று ஓட்டங்களை அளந்து எழுதி வையுங்கள். ஒன்று, எதுவும் செய்யாத வெறும் பைத்தான். ஹைஃபன் சி கொடியுடன் (கொடி என்பது கட்டளையோடு சேர்க்கும் விருப்பம்) பாஸ் என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் போதும். இரண்டு, அதே கட்டளையுடன் பெரிய ஐ, பெரிய எஸ் கொடிகள். இவை சூழல் மாறிகளையும் தளத் தொடக்க வேலைகளையும் ஒதுக்கிவைக்கும். மூன்று, உங்கள் நிரலின் உதவிப் பக்கம்.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் பெரிய இடைவெளி இருந்தால் குற்றவாளி உங்கள் நிரல் அல்ல, நிறுவியிருக்கும் சூழல். நேரே 6ஆம் படியைப் பாருங்கள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் குறைக்கக்கூடிய பகுதி. வெறும் பைத்தானின் நேரத்துக்குக் கீழே போக முடியாது என்பதால் இந்த எல்லை முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

ஒருமுறை ஓட்டிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். முதல் ஓட்டத்தில் கோப்புகள் வட்டிலிருந்து வரும், அடுத்த ஓட்டங்களில் லினக்ஸ் அவற்றை நினைவகத்திலிருந்தே கொடுத்துவிடும். ஹைப்பர்ஃபைன் என்ற கருவி, வார்ம்அப் கொடியைக் கொடுத்தால் முன்னோட்டங்களைக் கழித்துவிட்டுப் பலமுறை ஓட்டிச் சராசரியையும் விலகலையும் தருகிறது. உங்கள் நிரல், இமேஜிலிருந்து புதிதாக எழும் கன்டெய்னரில் ஓடுவது என்றால், கோப்புகள் நினைவகத்தில் இல்லாத குளிர்ந்த நிலையையும் அளக்க வேண்டும். லினக்ஸின் பக்கக் கேஷைக் காலி செய்ய ரூட் உரிமை தேவை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில் அதைச் செய்யாதீர்கள், எல்லோருடைய நிரல்களும் சற்று நேரம் தடுமாறும்.

4. இம்போர்ட்டைம் பட்டியலைப் படியுங்கள்

பைத்தான் கட்டளையில் ஹைஃபன் பெரிய எக்ஸ், பிறகு இம்போர்ட்டைம் என்று சேர்த்து நிரலை ஓட்டுங்கள். பட்டியல் பிழை வெளியீட்டில் வரும். அதைத் தனிக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் நிரலின் வெளியீட்டோடு கலந்துவிடும்.

புதியவர்கள் தவறாகப் படிப்பது பெரும்பாலும் இங்கேதான். அலுவலகப் பயணச் செலவைத் தொகுக்கும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். ஆட்டோ, மெட்ரோ ரசீதுகளைப் படித்து மாத அறிக்கை தருவது அதன் வேலை. பெயர் செலவு. அதன் பட்டியல் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை, பாண்டாஸ் தனக்குள் அழைப்பவற்றை விட்டுவிட்டேன், அலகு மைக்ரோநொடி:

தன் நேரம் | மொத்தம் | மாட்யூல்
210 | 210 | செலவு.தேதி
95,000 | 410,000 | பாண்டாஸ்
1,300 | 411,300 | செலவு.அறிக்கை
140,000 | 140,000 | செலவு.கட்டணம்
490 | 552,000 | செலவு

பட்டியலைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். ஒரு மாட்யூல் ஏற்றப்பட்டு முடிந்த பிறகே அதன் வரி அச்சாகிறது. எனவே பிள்ளைகள் மேலே, பெற்றோர் கீழே. யார் யாரை அழைத்தார் என்பதை, உண்மையான பட்டியலின் மூன்றாம் நெடுவரிசையில் உள்ள உள்தள்ளல் காட்டும்.

தன் நேரம் என்பது அந்த மாட்யூலுக்கு மட்டும் ஆனது. மொத்தம் என்பது அது அழைத்த மற்ற மாட்யூல்களையும் சேர்த்தது. அறிக்கையின் மொத்தம் பெரிது, தன் நேரம் சிறிது. அப்படியானால் அதன் வரிகளில் குறை இல்லை, அது பாண்டாஸ் என்ற தரவு ஆய்வு நூலகத்தை அழைத்ததுதான் செலவு. கட்டணம் மாட்யூலுக்கோ தன் நேரமே 140,000, அதற்குப் பிள்ளைகளும் இல்லை. அது ஏற்றப்படும்போதே ஏதோ பெரிய வேலையைச் செய்கிறது என்று பொருள். இந்த இரண்டுக்கும் வேறு வேறு சிகிச்சை.

இன்னொரு பொறி. ஒரு மாட்யூலின் செலவு அதை முதலில் அழைத்தவரின் கணக்கில்தான் விழும். அறிக்கையிலிருந்து பாண்டாஸை நீக்குகிறீர்கள், மொத்த நேரம் குறையவே இல்லை. ஏன்? வேறொரு மாட்யூலும் அதை அழைத்துக்கொண்டிருந்தது, இப்போது செலவு அதன் தலையில் ஏறியிருக்கிறது. ஒரு இம்போர்ட்டை நீக்கும் முன் அதே பெயரைத் திட்டம் முழுவதும் தேடிப் பாருங்கள். பைத்தான் 3.14இல் இம்போர்ட்டைம் கொடிக்கு 2 என்ற மதிப்பைக் கொடுத்தால், முன்பே ஏற்றப்பட்டவற்றை மீண்டும் அழைப்பவர்களும் பட்டியலில் வருவார்கள்.

அளக்கும் வேலையே கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பதால் இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். உண்மையான முன்னேற்றத்தை 3ஆம் படியின் அளவைக் கொண்டே சொல்ல வேண்டும்.

5. தொகுத்த கோப்புகள் பயன்படுகின்றனவா என்று பாருங்கள்

நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் கிடைக்கும் ஆதாயம் இது. ஆகவே திருத்தங்களில் இதுவே முதலாவது. தொகுத்தல் வீணாகிக்கொண்டிருந்தால் இம்போர்ட்டைம் பட்டியலின் எல்லா எண்களும் வீங்கியிருக்கும், யார் உண்மையில் கனமானவர் என்று சொல்லவே முடியாது. இதைச் சரிசெய்த பிறகு 4ஆம் படியை மறுபடி செய்யுங்கள்.

நிரலை ஹைஃபன் வி கொடியுடன் இரண்டாம் முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு மாட்யூலுக்கும் தொகுத்த கோப்பு மூலத்தோடு பொருந்துகிறது என்ற பொருளில் மேட்சஸ் என்ற சொல் வர வேண்டும். பைட்கோட் பழையது என்ற பொருளில் ஸ்டேல் என்று வந்தாலோ, கோப்பை உருவாக்க முடியவில்லை என்று வந்தாலோ, ஒவ்வொரு தொடக்கத்திலும் மறுபடி தொகுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாம் முறை ஓட்டச் சொல்வதற்குக் காரணம், முதல் முறை தொகுப்பது இயல்பு.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுதத் தடை: இமேஜைக் கட்டும் படிகளைக் கொண்ட டாக்கர்ஃபைல்கள் பலவற்றின் தொடக்கத்தில் பைத்தான் டோண்ட் ரைட் பைட்கோட் என்ற சூழல் மாறி 1 என்று போடப்பட்டிருக்கும். இமேஜ் சிறியதாக இருக்கட்டும் என்று யாரோ எழுதியதை மற்றவர்கள் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். விளைவு, ஒவ்வொரு கன்டெய்னரும் எழும்போது தொகுத்த வடிவம் இல்லாத எல்லாக் கோப்புகளையும் புதிதாகத் தொகுக்கிறது. இந்த மாறி எழுதுவதை மட்டுமே தடுக்கிறது, இருக்கும் தொகுத்த கோப்புகளைப் படிப்பதைத் தடுப்பதில்லை.

உரிமை இல்லாமை: நூலகங்களை ரூட் நிறுவியிருப்பார், நிரல் வேறு பயனராக ஓடும். பைகேஷ் கோப்புறைக்குள் அந்தப் பயனரால் எழுத முடியாது. பைத்தான் இதைப் பிழையாகச் சொல்லாமல் அமைதியாகத் தொகுத்துவிட்டுப் போய்விடும். படிக்க மட்டுமே அனுமதிக்கும் கோப்பு முறைமையிலும் இதே கதைதான்.

நிறுவும் கருவியின் பழக்கம்: பிப் நிறுவும்போதே தொகுத்துவிடும். யுவி இயல்பாகத் தொகுப்பதில்லை, அதற்குக் கம்பைல் பைட்கோட் என்ற கொடியைத் தர வேண்டும். பிப்பிலிருந்து யுவிக்கு மாறியதும் நிறுவல் வேகமாகிறது, தொடக்கம் மெதுவாகிறது. இரண்டும் ஒரே மாற்றத்தின் விளைவு என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

நேரமுத்திரை: இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தொகுத்த கோப்பின் முதல் 16 பைட்டுகள் ஒரு தலைப்பு. அதில் பைத்தான் பதிப்புக்குரிய அடையாள எண், கொடி, மூலக் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம், அதன் அளவு என்று நான்கு பைட்டுகளாக நான்கு விவரங்கள் இருக்கும். மூலக் கோப்பின் நேரம் ஒரு நொடி மாறினாலும் தொகுத்த கோப்பு செல்லாது. முதலில் தொகுத்து, பிறகு நேரத்தைக் காக்காத முறையில் மூலக் கோப்புகளை நகல் எடுத்தால் எல்லாம் வீண். ஜிப்பில் கட்டி அனுப்புவதும் ஆபத்து. ஜிப்பின் அடிப்படை நேரப் புலம் இரண்டு நொடித் துல்லியம் கொண்டது, நேர மண்டலத்தையும் குறிப்பதில்லை. இந்திய நேரத்தில் கட்டியதை உலக நேரத்தில் ஓடும் சர்வரில் பிரித்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கலாம்.

முதன்மைக் கோப்பு: பைத்தானுக்கு நேரடியாகக் கொடுக்கும் கோப்பின் தொகுத்த வடிவம் ஒருபோதும் சேமிக்கப்படுவதில்லை. ஆயிரக்கணக்கான வரிகளை அதில் வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் தொகுத்தாக வேண்டும். அந்தக் கோப்பில் ஓர் இம்போர்ட்டும் ஓர் அழைப்பும் மட்டும் வைத்து, மீதியை மாட்யூலுக்கு நகர்த்திவிடுங்கள்.

தீர்வு எளிது. இமேஜைக் கட்டும்போது எல்லாக் கோப்புகளும் வந்து சேர்ந்த பிறகு, கடைசிப் படியாகக் கம்பைல்ஆல் மாட்யூலை உங்கள் நிரலின் மீதும் நூலகங்களின் மீதும் ஓட்டுங்கள். ஹைஃபன் ஜே கொடிக்கு 0 கொடுத்தால் எல்லாக் கோர்களையும் பயன்படுத்திக்கொள்ளும். இது நேரடியாக எழுதுவதால் மேலே சொன்ன சூழல் மாறி இதைத் தடுப்பதில்லை. இமேஜில் ஓடப்போகும் அதே பைத்தானைக் கொண்டே தொகுங்கள். 3.11 தொகுத்ததை 3.12 திரும்பியும் பார்க்காது, கோப்புப் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. சர்வரில் பெரிய ஓ கொடியுடன் ஓட்டுவதாக இருந்தால் அதே கொடியுடன் தொகுக்க வேண்டும், அதற்குத் தனிக் கோப்பு.

நேரமுத்திரைத் தொல்லை தீராது என்றால் கம்பைல்ஆலின் இன்வேலிடேஷன் மோட் என்ற கொடிக்கு அன்செக்டு ஹாஷ் என்று கொடுங்கள். அப்போது பைத்தான் மூலக் கோப்போடு ஒப்பிடாமல் தொகுத்ததை அப்படியே நம்பும். இதை இமேஜுக்குள் மட்டும் செய்யுங்கள். உங்கள் மேசையில் செய்தால் நிரலைத் திருத்துவீர்கள், ஓட்டத்தில் ஒன்றுமே மாறாது, காரணம் புரியாமல் மாலை முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

6. தேடும் பாதையைச் சுருக்குங்கள்

சிஸ் பாத் பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள். பைத்தான்பாத் சூழல் மாறியில் போட்ட கோப்புறைகள், பைத்தானின் சொந்த நூலகத்துக்கும் முன்னால் நிற்கும். அங்கே நெட்வொர்க் வட்டு ஒன்று இருந்தால் ஜேசான் போன்ற சாதாரண மாட்யூலைத் தேடும்போதுகூட அந்த வட்டின் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகும். கோப்புறையின் உள்ளடக்கத்தைப் பைத்தான் நினைவில் வைத்துக்கொண்டாலும், கோப்புறை மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு தேடலிலும் விசாரிக்கிறது. உள்ளூர் வட்டில் இது ஒன்றுமில்லை, நெட்வொர்க்கில் குவிந்துவிடும். வேண்டாதவற்றை நீக்குங்கள், நீக்க முடியாததைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அடுத்து சைட் பேக்கேஜஸ் கோப்புறையில் பிடிஹெச் என்று முடியும் கோப்புகளைத் திறந்து பாருங்கள். அவற்றில் இம்போர்ட் என்று தொடங்கும் வரி இருந்தால், நீங்கள் எந்த நிரலை ஓட்டினாலும் அந்த வரி ஓடும். எப்போதோ நிறுவி மறந்த கண்காணிப்புக் கருவிகள் இங்கேதான் உட்கார்ந்திருக்கும். பயன்படாதவற்றை முறைப்படி நிறுவல் நீக்குங்கள், கோப்பை மட்டும் அழிக்காதீர்கள்.

7. வேண்டாததை நீக்குங்கள்

இப்போதுதான் நிரலைத் தொட வேண்டும். தள்ளிப்போடுவதற்கு முன் நீக்குவது ஏன்? தள்ளிப்போட்ட இம்போர்ட் என்றைக்காவது ஓடும். நீக்கியது ஓடவே ஓடாது.

முதலில் பேக்கேஜின், அதாவது மாட்யூல்களைச் சேர்த்துவைத்த கோப்புறையின், இனிட் கோப்பு. செலவு.தேதி என்ற ஒரு சின்ன மாட்யூல் மட்டும் வேண்டும் என்று கேட்டாலும், பைத்தான் முதலில் செலவு பேக்கேஜின் இனிட் கோப்பை முழுவதுமாக ஓட்டும். பயன்படுத்துபவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று எல்லா உள்மாட்யூல்களையும் அங்கே இம்போர்ட் செய்து வைத்தால், தேதி கேட்டவரும் பாண்டாஸுக்கான விலையைக் கொடுக்க வேண்டியதாகிறது. இனிட் கோப்பு காலியாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து, மாட்யூலின் மேல்மட்டத்தில் நடக்கும் வேலை. செலவு.கட்டணம் மாட்யூல், மெட்ரோ நிலையங்களுக்கு இடையிலான கட்டணப் பட்டியலைக் கோப்பிலிருந்து படித்து ஒரு மாறியில் நிரப்பிவைக்கிறது. உதவிப் பக்கத்துக்கு அந்தப் பட்டியல் எதற்கு? படிக்கும் வேலையை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, ஃபங்க்டூல்ஸ் தரும் கேஷ் அலங்காரத்தை (டெக்கரேட்டர்) அதன் தலையில் போடுங்கள், 3.8இல் அதற்குப் பதிலாக எல்ஆர்யு கேஷ். முதலில் கேட்கும்போது ஒருமுறை படிக்கும், அடுத்தடுத்து நினைவிலிருந்து கொடுக்கும். நெட்வொர்க் இணைப்பு, தரவுத்தள இணைப்பு எதையும் மேல்மட்டத்தில் திறக்கவே கூடாது. இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வேகத்தைவிட இங்கே பெரிய பிரச்சினை, இணைப்பு இல்லாத இடத்தில் நிரலை இம்போர்ட் செய்யக்கூட முடியாமல் போவது.

வகைக் குறிப்புகளுக்காக மட்டும் இம்போர்ட் செய்யும் பெயர்களும் உண்டு. டைப்பிங் மாட்யூலின் டைப் செக்கிங் என்ற மாறி, நிரல் ஓடும்போது பொய் என்றே இருக்கும். அதை நிபந்தனையாக வைத்து அதற்குள் அந்த இம்போர்ட்டுகளைப் போடுங்கள். கோப்பின் முதல் வரியாக ஃபியூச்சர் மாட்யூலிலிருந்து அனோட்டேஷன்ஸ் என்பதையும் இம்போர்ட் செய்ய வேண்டும். இதை மறந்தால் 3.14க்கு முந்தைய பதிப்புகளில் பெயர் கிடைக்கவில்லை என்ற பிழை வரும்.

கனமான நூலகத்தைச் சின்ன வேலைக்குக் கூப்பிடுவது கடைசி வகை. காற்புள்ளியால் பிரித்த ஒரு கோப்பை வரிவரியாகப் படிக்க மட்டும் பாண்டாஸ் தேவையில்லை, பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூல் போதும். பதிப்பு எண்ணைத் தெரிந்துகொள்ள மட்டும் பிகேஜி ரிசோர்சஸை இம்போர்ட் செய்திருந்தால் அதை எடுத்துவிட்டு, 3.8 முதல் பைத்தானோடே வரும் இம்போர்ட்லிப் மெட்டாடேட்டாவை வையுங்கள். பழையது, ஏற்றப்படும்போதே நிறுவியிருக்கும் எல்லாப் பேக்கேஜ்களையும் துழாவும்.

8. மிஞ்சியதைத் தள்ளிப்போடுங்கள்

செலவுக் கருவியில் மாத அறிக்கைக்குப் பாண்டாஸ் உண்மையிலேயே தேவை என்றால், அந்த இம்போர்ட் வரியை அறிக்கை தயாரிக்கும் ஃபங்ஷனுக்குள் கொண்டுபோங்கள். உதவிப் பக்கமும் ரசீது சேர்ப்பதும் அந்தச் செலவிலிருந்து தப்பிக்கும். ஃபங்ஷன் மறுபடி அழைக்கப்படும்போது அகராதியைப் பார்க்கும் சிறு செலவு மட்டுமே. ஆனால் பல லட்சம் முறை சுழலும் வளையத்துக்குள் அந்த வரியை வைக்காதீர்கள்.

கனமான ஓரிரு நூலகங்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். ஜேசான், ரீ போன்றவற்றை எல்லாம் உள்ளே தள்ளினால் மிச்சமாவது அற்பம், கோப்பின் தலைப்பைப் பார்த்து அது எதைச் சார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வசதி போய்விடும்.

மற்றவர்கள் பயன்படுத்தும் நூலகத்தை நீங்கள் எழுதினால், இனிட் கோப்பில் மாட்யூல் மட்டத்து கெட்ஆட்டர் ஃபங்ஷனை வைக்கலாம். பைத்தானில் மாற்றங்களை முன்மொழியும் ஆவணங்களில் ஒன்றான பெப் 562 வழியாக 3.7இல் வந்த வசதி இது. யாராவது அந்தப் பெயரைத் தொடும்போது மட்டும் உள்மாட்யூல் ஏற்றப்படும், வெளியே எழுதும் விதம் மாறாது. பெப் 810, லேஸி என்ற சொல்லை இம்போர்ட்டுக்கு முன் எழுதும் முறையை 3.15க்குக் கொண்டுவருகிறது. அந்தப் பதிப்புக்கு மாறும்வரை ஃபங்ஷனுக்குள் எழுதுவதே தெளிவான வழி.

இங்கே தடுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, நூலகம் நிறுவப்படாவிட்டால் முன்பு தொடக்கத்திலேயே பிழை வரும், இனி அந்த ஃபங்ஷன் ஓடும்போதுதான் வரும். மாதக் கடைசியில் அறிக்கை எடுக்கும் நாளில்தான் தெரியவரும் என்றால் அது மோசம், ஆகவே அந்த ஃபங்ஷனுக்கு ஒரு சோதனை கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு, மாட்யூலின் மேல்மட்டத்தில் இருந்த பாண்டாஸ் என்ற பெயரைப் போலிப் பொருளால் மாற்றிவைத்துச் சோதித்த பழைய சோதனைகள் உடையும், ஏனென்றால் அந்தப் பெயர் இப்போது அங்கே இல்லை. மூன்று, வட்டமாக ஒன்றையொன்று அழைக்கும் மாட்யூல்கள் இந்த மாற்றத்தால் சரியானதுபோல் தோன்றும். அது சிகிச்சை அல்ல. இரண்டுக்கும் பொதுவான பகுதியை மூன்றாவது மாட்யூலாகப் பிரித்துவிடுங்கள்.

9. சர்வராக இருந்தால்

சர்வரில் இம்போர்ட்டைத் தள்ளிப்போட்டால், அந்தக் காத்திருப்பை முதல் வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறீர்கள். தொடக்கம் அரை நொடி குறைந்தது என்று மகிழும்போது, கோரிக்கைகளைக் கையாளும் ஒவ்வொரு வொர்க்கர் செயல்முறையின் முதல் கோரிக்கையும் அரை நொடி தாமதமாகும். ஆகவே 5, 6, 7ஆம் படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பைத்தான் வலைச் சர்வரான குனிகார்ன் பயன்படுத்தினால் ப்ரீலோட் கொடியைப் பாருங்கள். நிரலைத் தாய்ச் செயல்முறையில் ஒருமுறை ஏற்றிவிட்டுப் பிறகு வொர்க்கர்களைக் கிளைக்கிறது. எட்டு வொர்க்கர் இருந்தாலும் ஏற்றம் ஒன்றுதான், நினைவகத்தின் ஒரு பகுதியும் பகிரப்படும். இதைப் போடுமுன் மேல்மட்டத்தில் இணைப்புகளோ த்ரெட்களோ தொடங்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். கிளைத்த வொர்க்கர்கள் ஒரே சாக்கெட்டைப் பகிர்ந்துகொண்டால் பதில்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

10. மறுபடி ஏறிவிடாமல் காவல் வையுங்கள்

இவ்வளவும் செய்த பிறகு யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு இனிட் கோப்பில் ஓர் இம்போர்ட் வரியைச் சேர்ப்பார், எல்லாம் பழையபடி ஆகிவிடும். இதைத் தடுக்க நேரத்தை அளக்கும் சோதனையை எழுதாதீர்கள். சோதனை ஓடும் பொதுச் சர்வர் ஒரு நாள் வேகமாக இருக்கும், ஒரு நாள் திணறும். காரணமில்லாமல் தோற்கும் சோதனையை இரண்டே வாரத்தில் எல்லோரும் புறக்கணிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அதற்குப் பதிலாகப் பெயரைச் சோதியுங்கள். புதிய பைத்தான் செயல்முறை ஒன்றை எழுப்பி, அதில் கருவியின் கட்டளைகளை ஏற்கும் செலவு.கட்டளை மாட்யூலை மட்டும் இம்போர்ட் செய்து, சிஸ் மாட்யூல்ஸ் அகராதியில் பாண்டாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சோதனை தோற்க வேண்டும். புதிய செயல்முறை அவசியம். சோதனைகளை ஓட்டும் செயல்முறையிலேயே கேட்டால் வேறொரு சோதனை பாண்டாஸை முன்பே ஏற்றியிருக்கும், விடை தவறாக வரும்.

தோல்விச் செய்தியில் இம்போர்ட்டைம் கட்டளையை முழுதாக எழுதி வையுங்கள். சோதனையை உடைத்தவர் புதியவராக இருக்கலாம். எந்த வரியால் பாண்டாஸ் உள்ளே வந்தது என்று அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.